கல் அல்ல, சொல்!

தோழரே!

பன்னிரண்டு பேர் ஓர் அறையிலே பூட்டப்பட்டிருக்கிறார்கள். உண்ண உணவு இல்லை. குடிக்க நீர் இல்லை. குளிர் காயக் கணப்பு இல்லை. புகையிலை இல்லை. சிறுநீர் கழிக்க ஒரு கலம் கேட்டார்கள், அதுவும் மறுக்கப்பட்டது. ஓர் இரவு கழிந்தது. மற்றோர் இரவும் கழிந்தது. கதவுக்கு வெளியே காவலர்கள். கதவுக்கு உள்ளே வாடிய முகங்கள், வறண்ட நாவுகள், ஆயின் வளையாத முதுகெலும்புகள்!

யார் இவர்கள்? கொள்ளையடித்துப் பிடிபட்ட கூட்டமா? கொலை செய்துவிட்டுக் கூண்டிலே நிற்க வந்தவர்களா? அரசைக் கவிழ்க்கச் சதி செய்தவர்களா?

அல்லர், தோழரே, அல்லர்! இவர்கள் குற்றவாளிகள் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவர்களும் அல்லர். நீதி சொல்வதற்காக அழைத்துவரப்பட்டவர்கள், ஜூரிகள்! ஆளவந்தார் விரும்பிய தீர்ப்பைச் சொல்லவில்லை என்பதற்காகத்தான் அவர்களுக்கு இந்தப் பட்டினி!

நடந்த ஊர் இலண்டன். நடந்த ஆண்டு 1670. நடந்த இடம் ஓல்டு பெய்லி. அந்தப் பெயரைக் கேட்டதும் உம் மனக்கண்முன் ஒரு மாளிகை எழும். அந்த மாளிகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கட்டடத்தைக் கண்டு மயங்கிக் கருத்தைக் கோட்டைவிடுவோர் நம்மிலும் பலர் உண்டல்லவா?

ஓல்டு பெய்லியிலே இன்று நிற்கும் மாளிகை 1907ஆம் ஆண்டு எட்வர்டு மன்னரால் திறந்துவைக்கப்பட்டது. உச்சியிலே ஒரு குவிமாடம். குவிமாடத்தின் உச்சியிலே பன்னிரண்டு அடி உயரத்திலே பொன் வண்ணத்தில் நீதிதேவியின் சிலை. ஒரு கையிலே வாள், மறு கையிலே துலாக்கோல். கண்களைத் துணி கட்டி மறைக்கவில்லை. விழித்த கண்ணோடுதான் நிற்கிறாள். வாயிலின்மேலே, ஏழைகளின் பிள்ளைகளைக் காப்பதற்கே இம்மன்றம் என்ற பொருள்பட வாசகம் பொறித்திருக்கிறார்கள். உள்ளே சென்றால் பளிங்குத் தூண்கள், ஓவியம் தீட்டிய விதானங்கள்!

ஆயின், அடித்தளத்தை உற்று நோக்கும்! அங்கேயுள்ள கற்களிலே பல, அதே இடத்திலே நின்ற நியூகேட் சிறையை 1902இல் இடித்தபோது எடுத்தவை. எத்தனையோ ஏழைகளின் பெருமூச்சைக் குடித்த கற்கள். 1783 முதல் 1868 வரை அந்தச் சிறை வாயிலிலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கத் தூக்குமரம் நட்டார்களே, அதைப் பார்த்து நின்ற கற்கள்! சிறையின் கல்லே நீதிமன்றத்தின் சுவரானது. ஏழைகளின் பிள்ளைகளைக் காப்போம் என்ற வாசகத்தைத் தாங்கும் கட்டடம், ஏழைகளின் பிள்ளைகளைப் பூட்டிவைத்த சிறையின் கல்லாலே எழுந்தது. கல்லுக்கு என்ன தெரியும்? இன்று வைத்த இடத்திலே இருக்கும். நாளை மாற்றி வைத்தால் மாறி இருக்கும்.

அந்த இடத்திலே முன்பு நின்ற வேறொரு கட்டடத்தின் கதையைக் கேளும். 1673இல் கட்டப்பட்டது அது. அதன் விசாரணைக் கூடத்துக்கு ஒரு பக்கம் சுவரே இல்லை, திறந்த வெளி! சிற்பியின் மறதி அல்ல, சீமான்களின் அச்சம். அழுக்கும் பேனும் நெருக்கடியும் நிறைந்த நியூகேட் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவரும்போது சிறைக் காய்ச்சலும் கூடவே வரும். காற்று வீசினால் நீதிபதியைத் தொற்றாது என்ற கணக்கு. சிறையைத் துப்புரவாக்கலாமே என்று தோன்றவில்லை. தங்களுக்குக் காற்று வந்தால் போதும் என்று தோன்றிற்று! 1737இல் மழையும் குளிரும் பொறுக்காமல் அந்தத் திறந்த பக்கத்தையும் அடைத்துவிட்டார்கள். 1750இல் காய்ச்சல் வந்தது. கூண்டிலே நின்றவனோடு நிற்கவில்லை. ஆசனத்திலே அமர்ந்தவரையும் தொட்டது. நகரத்து மேயரும் இரண்டு நீதிபதிகளும் உட்பட அறுபது பேர் அளவில் மாண்டார்கள். கைதிக்குச் செய்த கொடுமை நீதிபதியின் மூச்சிலே நுழைந்தது! அதன்பின் நறுமண மூலிகைகளையும் மலர்ச்செண்டுகளையும் மன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நோய் போன பின்னும், குறித்த நாட்களில் நீதிபதிகள் கையில் மலர்ச்செண்டு ஏந்தும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஓல்டு பெய்லியிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் ஸ்டிராண்டு வீதி. அங்கே விக்டோரியா அரசி 1882ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைத்த அரச நீதிமன்றங்கள். மாதாகோயிலோ மன்னர் கோட்டையோ என்று மயங்கவைக்கும் கூர்ங்கோபுரங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள். மூன்று மைலுக்கு மேல் நீளும் தாழ்வாரங்கள். அதை வரைந்த சிற்பி ஸ்டிரீட், திறப்பு விழாவைக் காணாமலே 1881இல் மறைந்தார். எல்லாம் சரி, அந்த இடத்திலே அதற்கு முன் என்ன இருந்தது? ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சந்துகள்! நானூறுக்கு மேற்பட்ட வீடுகளை இடித்தார்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். நீதிக்கு வீடு கட்ட வேண்டுமாம். அதற்காக ஏழையின் வீடு இடிய வேண்டுமாம்! வேலை நடக்கையிலே கல்தச்சர்கள் 1877இல் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜெர்மனியிலிருந்து ஆள் கொண்டுவந்து, கட்டிக்கொண்டிருந்த மாளிகைக்கு உள்ளேயே அவர்களுக்கு உண்டியும் உறையுளும் கொடுத்து, உள்ளூர்த் தொழிலாளியின் கோரிக்கையை முறியடித்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது வெஸ்ட்மினிஸ்டர் மண்டபம். 1097இல் எழும்பத் தொடங்கியது. 240 அடி நீளம். நடுவிலே ஒரு தூணும் இல்லாமல் மரக் கூரை. பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் பெரிய நீதிமன்றங்கள் இந்த ஒரே மண்டபத்தின் மூலைகளிலே மரத் தடுப்பு வைத்து நடந்தன. சார்லஸ் மன்னனையே 1649இல் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்த மண்டபம் அது. இந்தியாவைக் கசக்கிப் பிழிந்த வாரன் ஹேஸ்டிங்சை 1788இல் நிறுத்திய மண்டபமும் அதுவே.

நான் மேடையிலே பேசுகிறவன், நாடகம் எழுதுகிறவன். ஆகவே ஹேஸ்டிங்ஸ் வழக்கைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு சிறிது துள்ளும். எட்மண்டு பர்க் அங்கே முழங்கினார். நாடகப் புலவர் ஷெரிடன் நாட்கணக்கிலே பேசினார். நுழைவுச் சீட்டு ஐம்பது கினி வரை விலைபோனதாம். சீமாட்டிகள் மயங்கி விழுந்தனராம். முடிவு? ஏழாண்டு இழுத்து, 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலை! கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 4,000 பவுன் உதவித்தொகையும் கொடுத்தது. அவுத் நாட்டு பேகம்களுக்கு நாடகம் கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை. பேச்சாளனாகிய நானே சொல்கிறேன், தோழரே: பெரிய மண்டபமும் நீதி தராது, பெரிய பேச்சும் நீதி தராது.

பிறகு எது தரும்? அதற்குத்தான் அந்தப் பன்னிருவரிடம் திரும்ப வேண்டும்.

1670இலே இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருந்தது. அரசு ஏற்ற திருச்சபையின் முறைக்கு மாறாக ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளியார் கூடி வழிபட்டால் தண்டனை. குவேக்கர் என்போர் அந்தத் திருச்சபையை ஏற்காதவர்கள். எந்தப் பெரிய மனிதனுக்கும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்யாதவர்கள். அவர்கள் கூடும் இடத்தை, ஆகஸ்டு மாதத்திலே ஒரு நாள், படைவீரர்கள் பூட்டிக் காவல் நின்றார்கள். பூட்டிய கதவைக் கண்டு திரும்பிப் போகவில்லை, வில்லியம் பென் என்ற இளைஞர். வயது இருபத்தைந்து. வீதியிலே நின்று பேசினார். மக்கள் கூடினார்கள். பென்னும், உடனிருந்த வில்லியம் மீடும் பிடிபட்டார்கள். குற்றச்சாட்டு? சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டினார்கள், அமைதியைக் குலைத்தார்கள் என்பது. தெருமுனையிலே கூட்டம் போட்டு வழக்கு வாங்கிய அனுபவம் உள்ள தோழர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை!

செப்டம்பரிலே விசாரணை. இருவரும் தொப்பியில்லாமல்தான் வந்தார்கள். நீதிமன்றத்தார் உத்தரவிட, ஒரு சேவகன் அவர்கள் தலையிலே தொப்பியை வைத்தான். வைத்த பின், ஏன் தொப்பியோடு நிற்கிறீர்கள் என்று கேட்டு, ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம் விதித்தார்கள்! நான் இப்படி ஒரு காட்சியை நாடகத்திலே எழுதினால், மிகைப்படுத்திவிட்டான் என்பீர்கள். நடந்தது இது!

எந்தச் சட்டத்தின்படி என்மீது வழக்கு என்று கேட்டார் பென். பொதுச் சட்டத்தின்படி என்றார் ரிக்கார்டர் பட்டம் தாங்கிய நகர நீதிபதி ஜான் ஹவல். அந்தச் சட்டத்தைக் காட்டுங்கள் என்றார் பென். காட்டவில்லை, அவரை இழுத்துக்கொண்டுபோய் மன்றத்தின் ஒரு மூலையிலிருந்த அடைப்பிலே தள்ளினார்கள். அங்கிருந்தபடியே தம் வழக்கைத் தாம் எட்டிக் கேட்க வேண்டிய நிலை அவருக்கு!

ஜூரிகள் கலந்து பேசப் போனார்கள். எட்டுப் பேர் ஒரு கருத்து. நான்கு பேர் இசையவில்லை. அந்த நால்வரிலே முன்னின்றவர் எட்வர்டு புஷல். அவரைப் பெயர் சொல்லி ஏசினார் ரிக்கார்டர். மூக்கை அறுப்பேன் என்ற அளவுக்குப் போனார் மேயர் சாமுவேல் ஸ்டார்லிங். மறுபடி போனார்கள் ஜூரிகள்; மறுபடி வந்தார்கள். பென் அந்த வீதியிலே பேசினார் என்பது உண்மை என்று மட்டும் சொன்னார்கள். "சட்டவிரோதமாக" என்ற சொல் மன்றத்துக்கு வேண்டும். அந்த ஒரு சொல் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. பேசினார் என்கிறோம், குற்றம் என்று சொல்ல மாட்டோம் - அதுதான் அவர்கள் நிலை.

மன்றம் ஏற்கத்தக்க தீர்ப்பு வரும்வரை உணவும் நீரும் கிடையாது என்று அடைத்தார்கள். ஸ்பெயின் நாட்டார் தம் நாட்டிலே மதவிசாரணை மன்றம் வைத்திருப்பதன் அருமை இப்போதுதான் தமக்குப் புரிகிறது என்று ரிக்கார்டர் வாய்விட்டே சொன்னார். கூண்டிலிருந்த பென், உங்கள் உரிமையைக் கைவிடாதீர்கள் என்று ஜூரிகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கைவிட மாட்டோம் என்று அவர்களும் மறுமொழி சொன்னார்கள். இரண்டு இரவுகள் கழிந்து, கடைசியாகக் கேட்டபோது அவர்கள் சொன்ன தீர்ப்பு: குற்றவாளிகள் அல்லர்! நம்ப முடியாமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துத் தனித்தனியே கேட்டார்கள். பன்னிரண்டு வாயிலிருந்தும் அதே சொல்! முதலில் தயங்கிய எட்டுப் பேரும், நால்வர் பக்கம் வந்துவிட்டார்கள். பட்டினி அவர்களைப் பிரிக்கவில்லை, சேர்த்தது!

சொன்னதற்குப் பரிசு என்ன? ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம், கட்டும்வரை சிறை! விடுதலை பெற்ற பென்னும் மீடும் தொப்பி அபராதத்துக்காக நியூகேட்டுக்குப் போனார்கள். அவர்களை விடுவித்த ஜூரிகளும் நியூகேட்டுக்குப் போனார்கள்!

புஷலும் உடன் நின்ற சிலரும் அபராதம் கட்ட மறுத்தார்கள். எங்களைச் சிறையில் வைக்க எது அதிகாரம் என்று ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்திலே அமர்ந்த பொது வழக்குமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் வாகன் தீர்ப்புச் சொன்னார்: சாட்சியத்தைக் கேட்டு உண்மை எது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் ஜூரிகள், அவர்கள் முடிவு நீதிபதிக்கு உவப்பாயில்லை என்பதற்காக அவர்களைத் தண்டிக்க முடியாது, நீதிபதி சொல்வதைத்தான் ஜூரி சொல்ல வேண்டுமென்றால் ஜூரி எதற்கு? மன்னனை விசாரித்தபோது கிடைக்காத பெருமை, ஹேஸ்டிங்சை விசாரித்தபோது கிடைக்காத பெருமை, அந்த மண்டபத்துக்கு அன்று கிடைத்தது. ஒரு சாதாரணக் குடிமகனின் "இல்லை" என்ற சொல்லுக்கு அங்கே காப்பு கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியும். ஓல்டு பெய்லியின் பழைய கட்டடம் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயிலே அழிந்தது. புதியது எழுந்தது 1673இல். புஷல் நின்றது 1670இல்! அந்த மன்றத்தின் ஆயிரம் நிகழ்ச்சிகளிலே தலைசிறந்த நிகழ்ச்சி நடந்தபோது, பெருமையடிக்க அதற்கு ஒரு மாளிகையே இல்லை! பிற்காலத்தார் மாளிகை கட்டி, உள்ளே ஒரு கல்வெட்டு வைத்து, அந்த ஜூரிகளின் உறுதியைப் போற்றியிருக்கிறார்கள். கட்டடம் அவர்களைப் பெருமைப்படுத்தவில்லை. அவர்கள்தாம் கட்டடத்தைப் பெருமைப்படுத்துகிறார்கள்.

அந்த விதை வீண்போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் சட்டம் இரத்தம் குடித்தது. வீட்டுக்குள் புகுந்து நாற்பது ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் தூக்கு! ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? திருடியதன் விலை முப்பத்தொன்பது ஷில்லிங்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்! உயிருக்கும் கயிற்றுக்கும் இடையிலே ஒரு ஷில்லிங். 1827இல் அந்த வரம்பை ஐந்து பவுனாக உயர்த்தினார்கள். உடனே ஜூரிகளின் கணக்கும் நான்கு பவுன் பத்தொன்பது ஷில்லிங்காக உயர்ந்தது! சட்டம் எழுதியவனுக்கு இல்லாத இரக்கம், கடை வைத்திருந்தவனுக்கும் கைத்தொழில் செய்தவனுக்கும் இருந்தது.

நம் காப்பியத்தை ஒரு கணம் நினைத்துப் பாரும். பாண்டியன் அவையிலே பளிங்கு இல்லையா? பொற்றூண் இல்லையா? செங்கோல் இல்லையா? அமைச்சரும் காவலரும் இல்லையா? எல்லாம் இருந்தன. பொற்கொல்லன் ஒருவன் வந்து ஒரு சொல் சொன்னான். கோவலன் தலை வீழ்ந்தது. "மன்னா, ஒருமுறை விசாரியும், அந்தச் சிலம்பை உடைத்துப் பாரும்" என்று சொல்ல அந்த அவையிலே ஒரு வாய் இல்லை. சொல்ல ஒருத்தி வந்தாள். வாழ்வை இழந்த பின் வந்தாள். பாண்டியன் கெட்டவன் அல்லன். பிழை உணர்ந்ததும் உயிரையே விட்டவன். நல்ல மன்னன் இருந்தும், நல்ல அவை இருந்தும், குறுக்கே நின்று கேட்கும் ஒரு மனிதன் இல்லாததால் மதுரை எரிந்தது. அந்த அவையிலே ஒரு புஷல் இல்லை!

"அப்படியானால் ஜூரி என்றால் தவறே செய்யாத தெய்வமோ?" என்று கேட்பீர். அல்ல. அந்நாளிலே ஜூரி ஆசனம் சொத்துள்ள ஆண்களுக்கே உரியது. பெண்ணுக்கு அங்கே இடம் கிடைத்தது 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். 1908இலே பம்பாயில் திலகரை நாடு கடத்த வழிசெய்ததும் ஒரு ஜூரிதான். ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இருவர் இல்லை என்றார்கள். நம் சென்னையிலே, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் தியாகராஜ பாகவதரையும் குற்றவாளிகள் என்றதும் ஜூரிதான். அந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிவந்து, 1947இல் இருவரும் விடுதலையானதைத் தமிழகம் மறக்கவில்லை. திங்கராவை 1909இலும் உத்தம் சிங்கை 1940இலும் தூக்குக்கு அனுப்பிய அதே ஓல்டு பெய்லியை நாம் வணங்கச் சொல்லவில்லை. 1959இலே பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கிலே எட்டுக்கு ஒன்று என்று ஜூரி சொன்ன தீர்ப்பை உயர்நீதிமன்றம் தள்ளியதையும் அறிவோம். 1973ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்தோடு இந்நாட்டிலே ஜூரி முறைக்கே இடமில்லாமற் போயிற்று.

ஜூரி தவறும், நீதிபதியும் தவறுவார். மனிதர் அமரும் இடத்திலே தவறும் அமரும். நான் போற்றுவது ஜூரிப் பெட்டியை அல்ல. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நின்று, மனச்சான்றுக்கு மாறாகப் பேச மறுக்கும் சாதாரண மனிதனை. அவன் சொல்லைத் தண்டிக்கும் உரிமை அதிகாரத்துக்கு இல்லை என்ற ஏற்பாட்டை.

அந்த ஏற்பாடு என்றென்றைக்கும் நிலைத்துவிட்டதா? இலண்டனிலேயே நிலைக்கவில்லை, தோழரே. 2023ஆம் ஆண்டு மார்ச்சில், இலண்டன் நீதிமன்றம் ஒன்றின் வாயிலிலே ஒரு மூதாட்டி கையிலே ஓர் அட்டையைப் பிடித்து நின்றார். மனச்சான்றின்படி விடுதலை செய்யும் உரிமை ஜூரிகளுக்கு உண்டு என்பதே அந்த அட்டையின் செய்தி. கல்லிலே பொறித்தால் பெருமை. அட்டையிலே எழுதினால் குற்றமாம்! நீதிமன்ற அவமதிப்பு என்று அவரைப் பிடித்தார்கள். அரசின் சட்ட அதிகாரியே வழக்குத் தொடுக்க முனைந்தார். 2024 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலே அரசும் மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஒரு கிழவி அட்டை பிடித்து நின்றதால் புஷலின் நினைவு தூசு தட்டப்பட்டது!

2025 டிசம்பரில் இங்கிலாந்து அரசு இன்னோர் அறிவிப்புச் செய்தது. மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனை வரக்கூடிய வழக்குகள் பலவற்றை இனி ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரிக்கலாம் என்பது அதன் சாரம். காரணம் சொல்கிறார்கள்: பெரிய குற்றங்களை விசாரிக்கும் மன்றங்களிலே 75,000க்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிவிட்டன, பாதிக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தேக்கம் பொய் அல்ல. காத்திருக்கும் பெண்ணின் கண்ணீரும் பொய் அல்ல. அதை எள்ளி நகையாட நான் தயாரில்லை. ஏற்கெனவே அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு வழக்குகளுக்கு மேல் கீழ்மன்றங்களிலே ஜூரி இல்லாமல்தான் முடிகின்றன. ஆயின் ஒரு கேள்வி! கூடம் போதவில்லை, ஆள் போதவில்லை, பணம் போதவில்லை என்றால் கூடத்தையும் ஆளையும் பணத்தையும் கூட்டுவதா, குடிமகனை வெளியே அனுப்புவதா? வீடு ஒழுகினால் கூரையை மாற்றுவதா, குடியிருப்பவனை விரட்டுவதா?

இவ்வளவும் இலண்டன் கதை. எங்களுக்கு என்ன என்று கேட்கிறீரா? சொல்கிறேன்.

நம் நீதிமன்றங்களிலே ஜூரிப் பெட்டி இல்லை. அப்படியானால் சாதாரணக் குடிமகனுக்கு அங்கே என்ன இடம் மிச்சம்? எண்ணிப் பாரும். நீதிபதியின் ஆசனம் படித்தவருக்கு. வழக்கறிஞரின் மேசையும் படித்தவருக்கு. நான் கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடையேறியவன். எனக்கு அவ்விரண்டு இடமும் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. நமக்கு மிச்சமிருப்பது இரண்டு கூண்டுகள். ஒன்று குற்றவாளிக் கூண்டு. மற்றொன்று சாட்சிக் கூண்டு!

அந்தச் சாட்சிக் கூண்டுதான், தோழரே, இன்று நம் ஜூரிப் பெட்டி. நம் ஊர்க் கோடியிலே ஒரு குடிசை எரிகிறது. எரித்தவன் யார் என்பது ஊருக்கே தெரியும். காவலர் வருகிறார், நாலுபேர் கண்டதைச் சொல்கிறார்கள். மாதம் ஆகிறது, ஆண்டு ஆகிறது. இதற்கிடையே பண்ணையார் வீட்டிலிருந்து ஒருவர் வந்து திண்ணையிலே அமர்கிறார். பிள்ளையின் படிப்பைப் பற்றி நயமாக விசாரிக்கிறார். வாய்க்கால் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல் போடுகிறார். வழக்கு வந்த நாளிலே நாலுபேரும் கூண்டேறி, "நான் பார்க்கவில்லை, ஐயா" என்கிறார்கள். பிறழ்சாட்சி என்று எழுதிக்கொள்கிறார் எழுத்தர். நீதிபதி உத்தமர்தாம், கட்டடம் உயர்ந்ததுதான், சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆயினும் எரித்தவன் மாலையோடு வெளியே வருகிறான்! குற்றம் நடந்தபோது எரிந்தது ஒரு குடிசை. சாட்சி பிறழ்ந்தபோது எரிந்தது நீதிமன்றமே!

அந்த நாலுபேரை ஏசுவது எளிது. நான் ஏச மாட்டேன். இரண்டு இரவு பட்டினி கிடப்பது வேறு; இருபது ஆண்டு அதே ஊரிலே, அதே தெருவிலே, அதே கிணற்றடியிலே வாழ்வது வேறு. புஷலுக்குப் பக்கத்திலே பதினொருவர் இருந்தார்கள். நம் ஊர்ச் சாட்சிக்குப் பக்கத்திலே யார் இருக்கிறார்கள்? சாட்சிகளைக் காக்கும் திட்டம் ஒன்றை 2018இல் உச்சநீதிமன்றம் ஏற்று, நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஏட்டிலே இருக்கும் காப்பு வீட்டு வாசலுக்கு வர வேண்டுமானால், அழைத்துவர ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீர்தான். கிளைக் கழகத்திலே கொடியேற்றுகிறீர், சுவரொட்டி ஒட்டுகிறீர், மாநாட்டுக்கு வண்டி கட்டுகிறீர். வேண்டியவைதான். இனி இதையும் சேர்த்துக்கொள்ளும். உம் ஊரிலே உண்மை சொல்லத் துணிந்த ஒருவர் இருந்தால், வழக்கு நாளிலே அவரோடு பேருந்திலே ஏறிப் போம். மன்ற வாசலிலே அவர் வெளியே வரும்வரை நில்லும். திரும்பி வந்த இரவு அவர் திண்ணையிலே படுத்துக்கொள்ளும். எதிரே நிற்பவன் நம் கட்சிக்காரனாகவே இருந்தாலும், ஆம், அப்போது இன்னும் நெருங்கியே நில்லும்! ஆள் பார்த்து நீதி கேட்பவன், நீதி கேட்பவனே அல்லன்.

நால்வர் உறுதியாக நின்றார்கள், எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள், பன்னிருவர் ஆனார்கள். இதுதான் ஓல்டு பெய்லி நமக்குச் சொல்லும் கணக்கு. முதலில் நிற்க ஒருவர் வேண்டும். அவர் பக்கத்திலே நிற்க இன்னொருவர் வேண்டும்.

தீ வந்தால் கட்டடம் எரியும். காலம் வந்தால் இடியும். சிறையின் கல் மன்றத்தின் சுவராகும். ஆயின் 1670இலே வறண்ட நாவுகளிலிருந்து புறப்பட்ட அந்த ஒரு சொல், இன்னும் யாரோ ஒரு மூதாட்டியின் கையிலே அட்டையாக நிற்கிறது. நம் ஊர்ச் சாட்சிக் கூண்டிலும் அந்தச் சொல் ஒலிக்கட்டும்.

"நான் பார்த்தேன், ஐயா!"

அவ்வளவுதான், தோழரே. அந்த மூன்று சொல்லைச் சொல்பவருக்குப் பக்கத்திலே நீர் நில்லும்.